எனாமல் அடிச்ச பவளம்

எங்க ஊர்ப் பக்கம் ஒரு வியாதி இருக்கு. பெரிய மனுஷன் யாராவது வர்றார்னு தெரிஞ்சா போதும், கண்ணுல பட்டதுக்கெல்லாம் பெயிண்ட் அடிச்சுடுவாங்க. பூந்தொட்டிக்குக் காவி, வேப்பமரத்து அடிக்கு வெள்ளை, பாதை ஓரத்துல சாய்ச்சு நட்ட செங்கல்லுக்கு ஒண்ணு விட்டு ஒண்ணு மஞ்சள். ஒரு நாய் அசையாம படுத்திருந்தா அதுக்கும் ஒரு கோட்டிங் விழும். இதைப் பாத்து நான் ரொம்ப நாள் சிரிச்சிருக்கேன். 2010-ல அந்தச் சிரிப்பு நின்னு போச்சு.

அப்ப நான் கடலூர்ல ஒரு தனியார் காலேஜ்ல விலங்கியல் டிபார்ட்மென்ட்ல டெம்பரரி லெக்சரர். சுனாமிக்கு அடுத்த வருஷம் சேர்ந்தேன். வீடு செம்மண்டலத்துல. வீட்டுக்காரர் என் தாய்மாமன் மவன்தான், குடிகாடு பக்கத்துல கெமிக்கல் கம்பெனியில ஷிஃப்ட் வேலை. வேலை பாத்துக்கிட்டே சிதம்பரத்துல ஒரு கைடுகிட்ட பார்ட்-டைம் பி.எச்டி. பதிவு பண்ணியிருந்தேன். எக்ஸ்டென்ஷன் எல்லாம் கேட்டு வாங்கித் தீர்ந்து போச்சு. அந்தக் கல்வி வருஷத்துக்குள்ள தீசிஸ் குடுக்கலைன்னா பதிவு ரத்து. பட்டம் இல்லாம எனக்கு வேலை நிரந்தரம் ஆகாது. என் நிலைமை அவ்ளோதான்.

என் ஆராய்ச்சி பவளப்பாறை. கடலூர்ல உக்காந்துக்கிட்டு பவளப்பாறையான்னு எல்லாரும் கேப்பாங்க. நியாயமான கேள்விதான். எங்க கடல்ல பவளம் கிடையாது. கெடிலமும் பெண்ணையாறும் வருஷா வருஷம் சேத்தைக் கொண்டாந்து கொட்டுற கடல் இது. பவளத்துக்குத் தெளிஞ்ச தண்ணி வேணும், அடி வரைக்கும் வெயில் இறங்கணும். ஆனா எங்க டிபார்ட்மென்ட் மியூசியத்துல ஒரு அலமாரி நெறைய பவளம் இருந்துச்சு. ரொம்ப வருஷத்துக்கு முன்னாடி, சட்டம் எல்லாம் வர்றதுக்கு முன்ன, அங்க வேலை பாத்த ஒரு ப்ரொபசர் தெக்க மன்னார் வளைகுடாப் பக்கம் போய் சேத்துட்டு வந்தது. அப்பல்லாம் அங்க பவளத்தைப் பாறை பாறையா வெட்டி எடுத்து, படகுல ஏத்திக் கரைக்குக் கொண்டாந்து, சுண்ணாம்புக் காளவாய்ல போட்டு எரிப்பாங்களாம். அப்படிக் காளவாய்க்குப் போக இருந்த குவியல்லேர்ந்து அந்த மனுஷன் பொறுக்கிட்டு வந்திருக்கார்.

அதுல ஒண்ணு மட்டும் பெருசு. பண்ருட்டிச் சந்தையில கிடக்குமே நடுத்தரமான பலாப்பழம், அந்த சைஸ். மேலெல்லாம் ஊசி குத்துன மாதிரி சின்னச் சின்னக் குழி. ஒவ்வொரு குழியும் ஒரு உயிர் இருந்த வீடு. அந்த உயிரைப் பாத்தா ஒண்ணுமே இல்லை, பிசுபிசுன்னு ஒரு சின்னப் பை, வாயைச் சுத்தி விரல் மாதிரி பன்னெண்டு நீட்டிக்கிட்டு இருக்கும். அதோட உடம்புக்குள்ள கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருக்கும். பாசி வெயிலை வச்சு சமைக்குது, பவளத்துக்குச் சோறு போடுது. பவளம் பாசிக்கு இடம் குடுக்குது. கலரும் பெரும்பாலும் அந்தப் பாசி குடுக்கறதுதான். கடல் சூடானா ரெண்டுக்கும் ஒத்துக்காது, பாசி வெளிய போயிடும், பவளம் வெளுத்துப் பட்டினி கிடக்கும். அந்த வருஷக் கோடையில தெக்க அப்படித்தான் வெளுத்துப்போச்சுன்னு என் கைடு போன்ல சொல்லி வருத்தப்பட்டார்.

உயிரோட இருக்கற வரைக்கும் அது கடல் தண்ணிலேர்ந்து சுண்ணாம்பை எடுத்து தனக்குக் கீழயே கட்டிக்கிட்டுப் போவும். வருஷத்துக்கு ஒரு சென்டிமீட்டர், அவ்ளோதான். கோடைக்கு ஒரு அடுக்கு, குளிருக்கு ஒரு அடுக்கு. ஒண்ணு நெருக்கமா இருக்கும், ஒண்ணு கொஞ்சம் இளகலா இருக்கும். பாறையை நடுவுல வெட்டி எக்ஸ்ரே எடுத்தா வருஷம் வருஷமா கோடு தெரியும். எந்த வருஷம் கடல் சூடா இருந்துச்சு, எந்த வருஷம் அது தவிச்சுதுன்னு அதுல படிக்கலாம். அந்தக் காலத்துல அங்க யாரும் தெர்மாமீட்டரை விட்டுப் பாத்தது கிடையாது. அந்தப் பவளம் இருந்த இடமும் காளவாய்க்குப் போயாச்சு. முப்பது நாப்பது வருஷத்துக் கடல் அந்த ஒரு பலாப்பழத்துக்குள்ளதான் இருந்துச்சு. புதுசா ஒண்ணு எடுக்கவும் முடியாது. புலியை எந்த அட்டவணையில வச்சிருக்காங்களோ அதே அட்டவணையிலதான் சட்டம் பவளத்தையும் வச்சிருக்கு. எனக்கு அதை விட்டா வேற நாதி இல்லை.

எச்.ஓ.டி. மேடம்கிட்ட கெஞ்சி, கிரானைட் அறுக்குற கடையில குடுத்து அதை ரெண்டாப் பொளந்தேன். ஒரு பாதியோட வெட்டு முகத்துலேர்ந்து விரல் கனத்துக்கு ஒரு பலகை எடுத்தோம். அறுக்கும்போது இன்னொரு பாதி ஒடஞ்சு நொறுங்கிப் போச்சு, அதை விடுங்க. பலகையைத் துண்டுல சுத்தி பஸ் ஏறி சிதம்பரத்துல ஒரு ஸ்கேன் சென்டருக்குத் தூக்கிட்டுப் போனேன். கவுண்டர்ல இருந்த பொண்ணு துண்டைப் பாத்துட்டு, "கொழந்தையா மேடம்?"ன்னு கேட்டுச்சு. இல்லம்மா கல்லுன்னேன். "கிட்னியிலயா?"ன்னுச்சு. சிரிச்சு மாளலை. எக்ஸ்ரே எடுக்கற தம்பி எலும்புக்கு வைக்கற மாதிரி வச்சு எடுத்ததுல படம் முழுக்க ஒரே வெள்ளையா வந்துச்சு. "அடுத்த சனிக்கிழமை கூட்டம் இருக்காது, வாங்க, பவரைக் கூட்டிக் கொறச்சு நாலஞ்சு எடுத்துப் பாப்போம்"னு நல்ல மனசாச் சொன்னான். பலகையைத் திருப்பிக் கொண்டாந்து மியூசியம் அலமாரியில, மிச்சமிருந்த பாதிப் பாறைக்குப் பக்கத்துலயே வச்சேன்.

அந்த வாரம்தான் காலேஜுக்கு இன்ஸ்பெக்‌ஷன் கமிட்டி வரப்போவுதுன்னு ஆர்டர் வந்துச்சு. கிரேடு போட வர்றாங்க. எங்கப் பாத்தாலும் பெயிண்ட் டப்பா.

வெள்ளிக்கிழமை ஒரு கல்யாணத்துக்காக லீவு போட்டுட்டு, சனிக்கிழமை காலையில பலகையை எடுக்கலாம்னு மியூசியத்துக்குப் போனேன். கதவைத் திறந்ததும் எனாமல் நாத்தம் மூக்கைப் பிடுங்குச்சு. அலமாரியில பவளம் எல்லாம் பளபளன்னு நிக்குது. ஒண்ணு ரத்தச் செவப்பு, ஒண்ணு கிளிப்பச்சை, ஒண்ணு ஊதா. மான்கொம்பு மாதிரி கிளை விட்ட பவளத்துக்கு நீலம் அடிச்சு, நுனிக்கெல்லாம் வெள்ளைப் பொட்டு வேற. என் பாதிப் பாறைக்கு ஆரஞ்சு. குழி ஒண்ணு பாக்கி இல்லாம பெயிண்ட் இறங்கி அடைச்சு, கண்ணாடி மாதிரி மின்னுது.

அட்டெண்டர் அண்ணன் ஸ்டூல்ல உக்காந்து பிரஷ்ஷைக் கழுவிக்கிட்டு இருந்தார். முகமெல்லாம் சிரிப்பு. "பாத்தீங்களா மேடம், புக்குல இருக்கற கலர் மாதிரியே அடிச்சிருக்கேன்"னு பாடப் புஸ்தகத்தைத் தூக்கிக் காட்றார். உண்மையிலேயே பக்கத்துல புஸ்தகத்தைப் பிரிச்சு வச்சுக்கிட்டு, கடலுக்கடியில எடுத்த போட்டோவைப் பாத்துப் பாத்து அடிச்சிருக்கார்.

"பலகை எங்கண்ணே?"ன்னேன்.

"எந்தப் பலகை?"

"இங்க மெலிசா ஒண்ணு வச்சிருந்தேனே, வெள்ளையா."

"அது இன்னான்னு தெரியல மேடம், ஆசிட்ல போட்டதும் கரைஞ்சு தூள் தூளாப் பூட்ச்சு. ஒடஞ்ச பீஸுதானேன்னு வுட்டுட்டேன்."

பெயிண்ட் புடிக்கறதுக்காக எல்லாத்தையும் மொதல்ல பாத்ரூம் கழுவுற ஆசிட்ல ஊற வச்சிருக்கார். "சும்மா சொல்லக் கூடாது மேடம், அப்படியே பொங்கி நுரை தள்ளிச்சு. அத்தனை வருஷத்து அழுக்கும் பூட்ச்சு"ங்கறார். அழுக்கா அது? சுண்ணாம்புல ஆசிட் பட்டா நுரைக்காம என்ன பண்ணும்? ஒரு உயிர் வருஷத்துக்கு ஒரு சென்டிமீட்டர்னு கட்டுனதை ஒரு பக்கெட்டுக்குள்ள காத்தா ஊதித் தள்ளிட்டு, என்கிட்ட பாராட்டு எதிர்பாத்துக்கிட்டு நிக்கறார் மனுஷன்.

நான் கத்துனேன். சாமி வந்தவ மாதிரி கத்துனேன். "அடப்பாவி, உனக்கு யாருய்யா இதைத் தொடச் சொன்னது? உன் வீட்டுக் கல்யாண ஆல்பத்தை எடுத்து ஆசிட்ல போட்டா சும்மா இருப்பியா?" அவர் முகம் செத்துப்போச்சு. "எச்.ஓ.டி. மேடம்தான் பண்ணச் சொன்னாங்க"ன்னு முணுமுணுத்தார். கத்துனது தப்புன்னு எனக்கு இன்னிக்கும் தோணலை. மேல இருக்கறவங்ககிட்டயும் சேத்துக் கத்தியிருக்கணும், அவ்ளோதான்.

நேரா எச்.ஓ.டி. மேடம் ரூமுக்குப் போனேன். பர்மனென்ட் போஸ்ட், ரிட்டயர் ஆக நாலு வருஷம் கூட இல்லை, யாரையும் பகைச்சுக்க மாட்டாங்க. "நல்லாத்தானம்மா இருக்கு? வெள்ளை வெளேர்னு எலும்புக்கூடு மாதிரி நின்னுச்சு, பாக்கவே ஒரு மாதிரி இருந்துச்சு"ன்னாங்க.

"அது எலும்புக்கூடுதான் மேடம்! நீங்களும் விலங்கியல்தானே படிச்சீங்க?"

"கோவப்படாத. கிரேடு வந்தாத்தான் புதுப் போஸ்ட் வரும். உனக்கும் சேத்துதான் பண்றோம்."

எனக்கும் சேத்தாம்! வயித்தெரிச்சல்ல வாய் வரைக்கும் வந்த வார்த்தையை மென்னு முழுங்குனேன். ஏன்னா எனக்கு ஒரு வழி இன்னும் பாக்கி இருந்துச்சு. பாதிப் பாறை இருக்கு. மேலதான் ஆசிட்டும் பெயிண்ட்டும், உள்ள அடுக்கு எல்லாம் அப்படியேதான் இருக்கும். இன்னொரு பலகை அறுத்தா போதும். அதை இப்பவே குடுங்கன்னு கேட்டேன். "ஐயையோ, அதுதான் செண்டர் பீஸ். இன்ஸ்பெக்‌ஷன் முடிஞ்ச மறுநாள் நீ எடுத்துக்கோ, நானாச்சு"ன்னு கையைப் புடிச்சுச் சொன்னாங்க. நம்புனேன்.

வீட்டுல வந்து அழுதேன். "இன்னா இப்ப, உள்ள பத்திரமாத்தான இருக்குன்ற. பத்து நாள் பொறுத்துக்கோ"ன்னார் வீட்டுக்காரர். "பொறுமையா மாமா? எனக்கு இருக்கற கோவத்துக்கு அந்தக் காலேஜுக்கே ஆசிட் ஊத்தணும்"னேன். "ஊத்து, ஆசிட்டு வேணா எங்க கம்பெனிலேர்ந்து கொண்டாறேன்"னு சிரிச்சார். எனக்குச் சிரிப்பு வரலை.

கமிட்டி வர்ற வரைக்கும் கிளாஸ் எடுத்தேன். பவளப் பாடம்தான் அப்ப. கோடிக்கணக்கான வருஷத்துக்கு முன்னாடி வாழ்ந்த பழைய பவளத்துல வருஷக் கோடு மட்டும் இல்லாம தினம் தினம் விழுந்த கோடு கூட இருக்கு, அதை எண்ணிப் பாத்தா அப்ப வருஷத்துக்கு ஏறக்குறைய நானூறு நாள், பூமி வேகமா சுத்துனதால நாள் சின்னதா இருந்துச்சுன்னு சொன்னேன். "அப்ப லீவும் ஜாஸ்தியா மேடம்?"னு பின் பெஞ்சுல ஒருத்தன். கிளாஸே சிரிச்சுது. அந்தப் பவளக் குலம் பூண்டோட அழிஞ்சுது, அதுக்கப்புறம் பல லட்சம் வருஷம் உலகத்துக் கடல்ல பாறை கட்ட ஆளே இல்லை, வேற ஒரு வம்சம் வந்துதான் மறுபடி கட்ட ஆரம்பிச்சுது, இப்ப இருக்கறது அந்த வம்சம்னு சொன்னேன். அரியலூர்ப் பக்கம் முழுக்க ஒரு காலத்துல கடல், அந்தக் கடல்ல செத்த உயிர்களோட ஓடும் எலும்பும்தான் இன்னிக்கு சிமெண்ட்டுக்கு வெட்டுற சுண்ணாம்புக்கல்னு சொன்னேன். பசங்க வாயைப் பொளந்துக்கிட்டு கேட்டாங்க. பக்கத்து ரூம்ல பவளத்து மேல பெயிண்ட் காய்ஞ்சுக்கிட்டு இருந்துச்சு.

கமிட்டி வந்துச்சு. டெம்பரரி லெக்சரர் பொம்பளைங்க எல்லாரும் பட்டுப்புடவை கட்டிக்கிட்டு வரணும்னு ஆர்டர். வந்தவங்க மியூசியத்துல நுழைஞ்சதும் "வொண்டர்ஃபுல்"னாங்க. ஒருத்தர் செல்போன்ல போட்டோ எடுத்துக்கிட்டார். மூணு பேர்ல ஒருத்தர் கூட "ஏன் இதெல்லாம் மின்னுது?"ன்னு கேக்கலை. நான் பல்லைக் கடிச்சுக்கிட்டு நின்னேன். நாளைக்கு, நாளைக்குன்னு மனசுக்குள்ள சொல்லிக்கிட்டேன்.

சாயந்திரம் நிறைவு விழா. பொன்னாடைத் தட்டு என் கையில. மத்த காலேஜ்ல எல்லாம் குத்துவிளக்கு, நடராஜர்னு குடுப்பாங்க. எங்க பிரின்சிபால் மைக்குல, "நாங்கள் வித்தியாசமாக, இந்தக் கடல் மண்ணின் அடையாளமாக ஒரு நினைவுப் பரிசு தருகிறோம்"னார். ரெண்டு பேர் ஒரு கண்ணாடிப் பெட்டியைத் தூக்க முடியாம தூக்கிட்டு வந்து மேசையில வச்சாங்க. உள்ள ஆரஞ்சு கலர்ல என் பாறை. கீழ தங்க எழுத்துல "கடலூரின் கடல் செல்வம்". கடலூர்க் கடலுக்கும் அதுக்கும் ஸ்நானப்பிராப்தி கூட இல்லை!

நான் மேடத்தைப் பாத்தேன். அவங்க தலையைக் குனிஞ்சுக்கிட்டாங்க. தெரிஞ்சுதான் இருந்திருக்கு.

கமிட்டி தலைவர் எழுந்து ரெண்டு கையையும் நீட்டிக்கிட்டு வந்தார். போட்டோக்காரன் லைட்டைப் பிடிச்சுக்கிட்டு நின்னான். பொன்னாடைத் தட்டோட அவர் பக்கத்துல போய், மைக்குல கேக்காத மாதிரி சொன்னேன்: "சார், இது பவளம். சட்டப்படி இதைக் குடுக்கறதும் தப்பு, வாங்கறதும் தப்பு. புலித்தோலைப் பரிசா வாங்கற மாதிரி. நீங்க இதைக் கார்ல எடுத்துட்டுப் போனா நானே ஃபாரஸ்ட்டுக்குப் போன் பண்ணுவேன்."

அவர் கை சூடு பட்ட மாதிரி பின்னால போச்சு. ஆனா பெரிய மனுஷன் பெரிய மனுஷன்தான். அடுத்த நிமிஷமே மைக்கைப் பிடிச்சு, "இந்தச் செல்வம் இந்த மாணவர்களிடமே இருக்க வேண்டும், நான் அன்போடு திருப்பித் தருகிறேன்"னார். கைதட்டு கூரையைப் பொளந்துச்சு. தலைவர் பிரின்சிபால் காதுல ஏதோ சொன்னார், பிரின்சிபால் முகம் வெளிறிப் போச்சு.

என் வேலை போச்சுன்னு தெரியும். போவட்டும். பாறை தப்பிச்சுது. அன்னிக்கு ராத்திரி என்னை மாதிரி சந்தோஷமாத் தூங்குனவ கடலூர்லயே இருந்திருக்க மாட்டா. "நாளைக்குக் காலையில பைக்கும் கோணிப்பையும் எடுத்துக்க மாமா, கிரானைட் கடை திறக்கறதுக்கு முன்னாடி வாசல்ல நிக்கணும்"னேன்.

காலையில போனா மியூசியம் திறந்து கிடக்கு. அலமாரி காலி. செவப்பு, பச்சை, ஊதா எதுவும் இல்லை, கண்ணாடிப் பெட்டியும் இல்லை. தரையில கூட்டிப் பெருக்கின ஈரம். வராண்டாவுல அட்டெண்டர் அண்ணன் நின்னுக்கிட்டு இருந்தார். என்னைப் பாத்ததும் நகரப் பாத்தார். "அண்ணே, எங்க?"ன்னு கேட்டேன். முகத்தைத் திருப்பிக்கிட்டு, பின்பக்கம் கையைக் காட்டுனார்.

பின்பக்கம் புது பிளாக்குக்கு அஸ்திவாரம் தோண்டிப் போட்டிருந்தாங்க. விடியறதுக்குள்ள சம்மட்டியால எல்லாத்தையும் ஒடைச்சு, கூடையில வாரி, குழிக்குள்ள கொட்டியிருக்காங்க. நான் போறப்ப மேல கான்கிரீட் விழுந்துக்கிட்டு இருந்துச்சு. மிக்சர் ஓடுது, பக்கத்துல சிமெண்ட் மூட்டை அடுக்கியிருக்கு. ஓரத்துல ஒரே ஒரு ஆரஞ்சுத் துண்டு தெரிஞ்சுது, நான் பாக்கப் பாக்க அதுவும் மூடிப்போச்சு. "நிறுத்துங்க, நிறுத்துங்க"ன்னு கத்துனேன். மிக்சர் சத்தத்துல யாருக்கும் கேக்கலை. எறங்கப் போனேன். கூட வந்த வீட்டுக்காரர் என் கையைப் புடிச்சு இழுத்துக்கிட்டார்.

மேடம் வேகவேகமா வந்தாங்க. முந்தின நாள் கட்டுன பட்டுப்புடவை கூட மாத்தலை, கண்ணெல்லாம் செவந்திருந்துச்சு. நான் வாயைத் திறக்கறதுக்குள்ள அவங்களே ஆரம்பிச்சாங்க.

"என்னை எதுக்கும்மா முறைக்கற? சட்டப்படி தப்பு, ஃபாரஸ்ட்டுக்குப் போன் பண்ணுவேன்னு மேடையில சொன்னது யாரு? பிரின்சிபால் பயந்துட்டார். ஒரு பீஸ் கூட இங்க இருக்கக் கூடாதுன்னுட்டார். நீ வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா அந்த மனுஷன் அதைத் தன் வீட்டு ஷோகேஸ்லயாவது வச்சிருப்பார். என்னிக்காவது போய்க் கேட்டு வாங்கியிருக்கலாம். நீ சொன்னதாலதான் ஒடைச்சோம்."

நாக்கைப் பிடுங்கிக்கற மாதிரி நாலு வார்த்தை கேக்கணும்னு வந்துச்சு. அவங்க மேல இருந்த கோவம், பிரின்சிபால் மேல இருந்த கோவம், எல்லாம் அப்படியே இருந்துச்சு, ஆனா யார் பக்கம் திருப்பறதுன்னு தெரியலை. கான்கிரீட்டை மட்டப்பலகை வச்சு இழுத்துக்கிட்டு இருந்தவர், "ஓரமா நில்லுங்கம்மா, கால் பதிஞ்சுடும்"னார். ஓரமா நின்னேன்.